சுவரில் பூஞ்சணம்: எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம்?

தை பிறந்தால் திருகோணமலையில் அலுமாரியைச் சுவரிலிருந்து இழுத்துப் பார்க்கும் காலமும் பிறந்துவிடும். ஐப்பசியில் தொடங்கி, கார்த்திகையிலும் மார்கழியிலும் வாடைக்காற்றோடு கொட்டிய மழை ஓய்ந்திருக்கும். வெளியே வெயில் எறிக்கும். வீட்டுக்குள் மட்டும் ஒரு பழைய ஈர மணம் போகாமல் நிற்கும். அலுமாரிக்குப் பின்னால், கட்டில் தலைமாட்டில், சீலிங் மூலையில் கறுப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் தெரியும். தொட்டால் மாப்போல விரலில் ஒட்டும்.

உவர்மலையில் உள்ள அம்மாவின் வீட்டில் இந்த வருடம் அது முழங்கால் உயரத்துக்கு ஏறியிருந்தது. படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். ரொறன்ரோவிலிருந்து மச்சாள் உடனே அழைத்தாள். "அதை எடுக்கிறதுக்குப் பெமிற் எடுத்தாச்சோ? பெமிற் இல்லாமத் தொட்டால் அபராதம் எண்டு வாசிச்சன்."

நான் வீட்டுப் படம் கீறி, உள்ளூராட்சி சபைக்கு விண்ணப்பம் தயாரித்துக் கொடுப்பதைத் தொழிலாகச் செய்பவன். அவளுடைய கேள்விக்கு "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். பெரும்பாலான வீடுகளுக்கு அதுதான் சரியும். ஆனால் அந்த ஒரு சொல்லை நம்பி, ஈரம் போகட்டும் என்று வெளிச்சுவரை உடைத்துப் புது ஜன்னல் வைத்துவிட்டு, பிறகு சபை அனுப்பிய கடிதமும் கையுமாக என்னிடம் வந்து நின்றவர்களையும் எனக்குத் தெரியும். ஆகவே கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

உரிமம் வேறு, அனுமதி வேறு

மச்சாள் வாசித்தது அமெரிக்காவைப் பற்றிய கட்டுரை. அங்கே சில மாநிலங்களில் பூஞ்சணம் அகற்றுவது தனித் தொழிலாகவே சட்டத்துக்குள் வந்துவிட்டது. நியூயோர்க் மாநிலத்தில் 2016 முதல் பூஞ்சணத்தை மதிப்பிடுபவருக்கு ஓர் உரிமம், அதை அகற்றுபவருக்கு இன்னோர் உரிமம். ஒரே வீட்டில் ஒரே ஆள் இரண்டு வேலையையும் செய்யக்கூடாது. "உங்கள் வீடு ஆபத்தான நிலையில் இருக்கிறது" என்று பயமுறுத்துபவரே அதைத் துப்புரவாக்கும் கூலியையும் வாங்கக்கூடாது என்பதுதான் அதன் உள்நோக்கம். நல்ல ஏற்பாடு. டெக்சாஸில் பூஞ்சணம் தொடர்ச்சியாக 25 சதுர அடிக்கு மேல் பரவியிருந்தால் அந்த வேலைக்கு உரிமம் பெற்றவர்தான் கூலிக்கு வர வேண்டும். இரண்டு இடங்களிலுமே, சொந்த வீட்டைத் தானே துப்புரவாக்கும் குடும்பத்தை யாரும் உரிமம் கேட்பதில்லை.

இவை எல்லாம் ஆளுக்குக் கொடுக்கும் உரிமம். கட்டடத்தில் செய்யப்போகும் வேலைக்குக் கொடுக்கும் அனுமதி வேறு. இணையத்தில் வரும் கட்டுரைகளில் இரண்டும் ஒரே சொல்லுக்குள் புகுந்து குழம்பிவிடுகின்றன. அந்தக் குழப்பத்தோடுதான் வெளிநாட்டில் உள்ள உறவுகள் நமக்கு அழைப்பு எடுக்கிறார்கள்.

இலங்கையில் பூஞ்சணத்துக்கென்று தனி உரிமம் கிடையாது. சுவரைக் கழுவ, சுரண்ட, மெத்தையை எறிய, பழைய பூச்சைக் கொத்திவிட்டு மறுபடி பூச, பெயின்ற் அடிக்க நீங்கள் எந்தக் கந்தோர்ப் படியும் ஏற வேண்டியதில்லை. இங்குள்ள சட்டம் பார்ப்பது சுவரில் என்ன முளைத்திருக்கிறது என்பதை அல்ல. அதைப் போக்க நீங்கள் கட்டடத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைத்தான்.

"மாற்றம்" என்றால் எது

இரண்டு சட்டங்களை அறிந்தால் போதும். முதலாவது, 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். நூறு வருடம் தாண்டியும் உயிரோடு இருக்கிறது. உள்ளூராட்சி சபையின் எல்லைக்குள் ஒரு கட்டடத்தைக் கட்டவோ, மறுபடி கட்டவோ, அதில் "மாற்றம்" செய்யவோ சபைத் தலைவரின் எழுத்து மூலமான அங்கீகாரம் வேண்டும் என்கிறது அது. மாற்றம் என்றால் என்ன என்பதையும் அதுவே விளக்குகிறது. கூரை அல்லது வெளிச்சுவர் அமைப்பது, வெளிச்சுவரில் கதவையோ ஜன்னலையோ அடைப்பது அல்லது புதிதாகத் திறப்பது, உட்சுவர் எழுப்புவது, அறை சேர்ப்பது, சுவர்களுக்கு இடையில் உள்ள வெளியைக் கூரை போட்டு மூடுவது ஆகியவை அதற்குள் வருகின்றன. வடிகால், காற்றோட்டம், சுகாதார ஏற்பாடு, கட்டடத்தின் உறுதி ஆகியவற்றைத் தொடும் உள்வேலைகளும் வருகின்றன.

கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். வடிகாலும் காற்றோட்டமும். பூஞ்சணத்தோடு மல்லுக்கட்டும் ஒருவர் கை வைக்கும் இடங்களே இவைதான்.

இரண்டாவது, நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1978ஆம் ஆண்டு 41ஆம் இலக்கச் சட்டம். அதன்கீழ் பிரகடனம் செய்யப்பட்ட பகுதிகளில் அபிவிருத்தி வேலை எதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆனால் குடியிருப்பு வீட்டு வளவுக்குள், புதிய கட்டடப் படம் சமர்ப்பிக்கத் தேவையில்லாத வகையில், வீட்டின் அன்றாடப் பயன்பாட்டோடு ஒட்டிய காரியங்களை அந்தச் சட்டம் தன் வரையறையிலிருந்து விலக்கிவிடுகிறது. ஆக இரண்டு சட்டமும் ஒரே கேள்வியில்தான் வந்து சேருகின்றன: செய்யப்போகும் வேலைக்குப் புதுப் படம் கீற வேண்டி வருமா?

அதற்குப் பதில் தெரிய வேண்டுமென்றால் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று முதலில் தெரிய வேண்டும். பூஞ்சணத்தின் வித்திகள் எல்லா வீட்டுக் காற்றிலும் எப்போதும் இருக்கின்றன. தூசு, மரம், பெயின்ற், கடதாசி என்று அதற்குத் தீனியும் எங்கும் உண்டு. இல்லாமல் இருந்தது ஈரம் மட்டும்தான். ஈரம் வந்த வழியை அடைக்காமல் சுவரை மட்டும் துடைத்தால் அடுத்த மாரிக்கு அது அதே இடத்தில் திரும்ப வரும். அந்த வழியை அடைக்கும் வேலையே அனுமதி வேண்டுமா என்பதையும் தீர்மானிக்கிறது.

தண்ணீர் வரும் வழிகள்

மேலிருந்து வருவது கண்டுபிடிக்க இலகுவானது. சீலிங்கில் தேநீர்க் கறைபோல் வட்டம் விழுந்திருக்கும். உடைந்த ஓட்டை மாற்றுவது, சீற்றின் ஆணித் துளையை அடைப்பது, பீலியைத் துப்புரவாக்குவது எல்லாம் திருத்தவேலை. யாரையும் கேட்க வேண்டாம். கூரையை முழுதாகக் கழற்றி, மரங்களை மாற்றி, சாய்வைக் கூட்டி, அதற்காகச் சுவரை இரண்டு வரிக் கல் உயர்த்துவது என்று வேலை பெருத்தால் அது கூரை அமைப்பதாகிவிடும். அப்போது சபையைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கூரை அஸ்பெஸ்ரஸ் சீற் என்றால் இன்னொரு கவனமும் வேண்டும். அதில் படிந்த பாசியையும் பூஞ்சணத்தையும் கம்பித் தூரிகையால் உலர்வாக உரஞ்சாதீர்கள். அமுக்கத் தண்ணீர் அடித்தும் கழுவாதீர்கள். அதிலிருந்து பிரியும் நார்த்தூள் பூஞ்சணத்தைவிடப் பொல்லாதது; நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. உடைந்த சீற்றைக் கழற்றும்போது நனைத்து, முழுதாக இறக்கி, சுற்றிக் கட்டி வையுங்கள்.

கீழிருந்து ஏறுவதுதான் நம் பக்கத்தில் அதிகம். மணல் நிலம், உவர்த் தண்ணீர், பழைய வீடுகளின் அத்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் படை இல்லாமை அல்லது இருந்தும் அது பழுதானமை. இந்த ஈரம் பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு மீற்றர் உயரத்துக்குள் நின்றுவிடும். சுவரில் வெள்ளையாகத் தூள் பூத்திருந்தால் அதை உடனே பூஞ்சணம் என்று எண்ண வேண்டாம். கொஞ்சத்தைச் சுரண்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கரைந்தால் அது உப்பு. உப்புக்கு மணமில்லை, பூஞ்சணத்துக்கு உண்டு. உப்பைக் கொல்லவென்று மருந்து வாங்கிப் பூசிக் காசைக் கரைத்தவர்கள் பலர்.

இந்த வகை ஈரத்துக்குச் சில வேளை ஒரு மண்வெட்டியே போதும். வெளியே வளவு மண் வீட்டுத் தரை மட்டத்துக்கு மேல் குவிந்திருந்தால் அதை வெட்டி இறக்குங்கள். வருடா வருடம் காபெற் போட்டு வீதி உயர்ந்து, மழைத்தண்ணீர் வளவுக்குள் திரும்பியிருந்தால் வளவுக்குள் ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். அதுவரை உங்கள் பாடு. அந்த வாய்க்காலை வீதி வடிகாலோடு இணைக்கவோ, வீதியைக் குறுக்கே வெட்டவோ வேண்டுமென்றால் அது சபையின் சொத்தைத் தொடுவது. அனுமதி இல்லாமல் கூடாது. சுவரைத் துண்டு துண்டாக வெட்டி ஈரத்தடுப்புப் படை செருகும் வேலை கட்டடத்தின் உறுதியைத் தொடுகிறது. அதை மேசனின் துணிவுக்கு விடாதீர்கள். ஒரு பொறியியலாளர் பார்த்துச் சொல்லட்டும், சபைக்கும் தெரியட்டும்.

குளியலறைச் சுவர் என்றால் வீட்டில் உள்ள எல்லாத் திருகுபிடிகளையும் பூட்டிவிட்டுத் தண்ணீர் மானியைப் பாருங்கள். முள் நகர்ந்தால் நிலத்துக்குள்ளோ சுவருக்குள்ளோ குழாய் ஒழுகுகிறது. உள்ளே திருத்துவதற்கு அனுமதி தேவையில்லை. மானிக்கு வெளிப்பக்கம் ஒழுக்கு என்றால் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு அறிவியுங்கள். அந்தக் குழாயில் நாம் கை வைக்கக்கூடாது. குளியலறையையே இடம் மாற்றுவது, புது மலக்குழி வெட்டுவது இரண்டுக்கும் படம் வேண்டும். கிணறு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். மணல் நிலத்தில் மலக்குழித் தண்ணீர் கிணற்றுக்குப் போக அதிக நேரம் எடுக்காது என்பதால் அந்தப் பார்வை உங்கள் நன்மைக்குத்தான்.

இனி, என்னிடம் அதிகம் பேர் வந்து நிற்கும் இடத்துக்கு வருகிறேன். சமையலறைச் சுவருக்கும் எல்லை மதிலுக்கும் இடையில் மூன்றடி, நான்கடி இடைவெளி இருக்கும். சாரல் அந்த வழியாக அடித்துச் சுவர் நனைகிறது. "மேல சீற்றைப் போட்டு மூடிவிட்டால் சரிதானே" என்று யாராவது சொல்வார்கள். ஒரு நாள் வேலை. மதிலில் இரும்புக் குழாயை ஊன்றிச் சீற்றைப் போட்டுவிடுவார்கள். இது திருத்தவேலை அல்ல. சுவர்களுக்கு இடைப்பட்ட வெளியைக் கூரையிட்டு மூடுவது 1915ஆம் ஆண்டுச் சட்டத்தின் மாற்றப் பட்டியலில் நேரடியாகவே இருக்கிறது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளும் வீட்டைச் சுற்றி விட வேண்டிய திறந்த வெளியைப் பற்றிக் கண்டிப்பாகப் பேசுகின்றன. பக்கத்து வீட்டார் ஒரு முறைப்பாடு கொடுத்தால் கழற்ற வேண்டி வரும். அதைவிட முக்கியமானது, அந்த வெளி மூடினால் சுவருக்கு வெயிலும் காற்றும் இல்லாமல் போகும். சாரல் நின்றும் சுவர் காயாது. இரண்டு வருடத்தில் சமையலறைக்குள் முன்னைவிட மோசமான பூஞ்சணம். வீட்டு இறவாரத்தை ஓர் அடி நீட்டிப் பீலி வைத்தால் பெரும்பாலும் காரியம் முடியும். அதைக்கூட மதிலைத் தாண்டாமல், தண்ணீர் அடுத்த வளவில் விழாமல் செய்ய வேண்டும்.

காற்றோட்டத்துக்கு ஜன்னல் திறப்பதும் அப்படித்தான். ஏற்கெனவே இருக்கும் ஜன்னலின் பலகையை மாற்றுவது, அடைத்துக் கிடக்கும் காற்றுத் துவாரங்களைத் துப்புரவாக்கி வலை அடிப்பது உங்கள் விருப்பம். வெளிச்சுவரை உடைத்துப் புது ஜன்னல் வைப்பது மாற்றம். எல்லைக்கு மிக அருகே என்றால் விதி இடம் கொடுக்காமலும் போகலாம். இதை உடைப்பதற்கு முன் கேட்டால் ஒரு மாதம் தாமதம். உடைத்த பிறகு கேட்டால் வருடக்கணக்கில் இழுபடும்.

குளிரூட்டி பூட்டிய அறைகளில் வேறொரு காரணம் உண்டு. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதன் அதிகம். குளிர்ந்த சுவரில் அது பட்டால் ஐஸ் தண்ணீர்க் குவளையின் வெளிப்பக்கம்போல் வியர்க்கும். அந்த அறைக்கதவை அடிக்கடி திறந்து மூடாமல் இருப்பதும், வெப்பநிலையை அளவுக்கு மீறிக் குறைக்காமல் இருப்பதும், குளிரூட்டியின் தண்ணீர்க் குழாய் சுவரில் வழியாமல் பார்ப்பதும் போதும்.

கடற்கரையும் பழைய கட்டடமும்

திருக்கடலூர், சல்லி, உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்தில் கடலை ஒட்டிய வீடு என்றால் மூன்றாவது சட்டமும் சேரும். 1981ஆம் ஆண்டு 57ஆம் இலக்கச் சட்டத்தின்படி சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அந்த வலயத்தின் இயற்கை அமைப்பை மாற்றக்கூடிய வேலைக்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். சுவர் கழுவுவதும் பூசுவதும் அதற்குள் வராது. உப்புக்காற்றைத் தடுக்க மதில் எழுப்புவது, கடல் பக்கம் அறை நீட்டுவது வரும். கொத்திய பூச்சையும் உடைந்த கல்லையும் கடற்கரையில் கொட்டுவதும் வரும். இது பலருக்குத் தெரியாது. கழிவு கொட்டுவதை அந்தச் சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

பிரட்றிக் கோட்டைக்கு அண்மையிலோ நகரின் மிகப் பழைய கட்டடங்களிலோ வேலை என்றால் தொல்பொருள் திணைக்களத்தைக் கேளுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய கட்டடங்களைப் பண்டைய நினைவுச் சின்னங்களாகக் கருதுகிறது. அப்படிப்பட்டதில் ஒரு கை பூச்சைக்கூடத் தன்னிச்சையாகக் கொத்தக்கூடாது.

அவ்வளவு பழையதில்லாத, ஆனால் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய வீடுகள் இன்னும் இங்கே இருக்கின்றன. அவற்றுக்கு அனுமதியைப் பற்றி அல்ல, பூச்சைப் பற்றி ஒரு வேண்டுகோள். சுண்ணாம்பு மூச்சு விடும் சாந்து. சுவருக்குள் போன ஈரம் அதன் வழியாக ஆவியாகி வெளியேறும். அதைக் கொத்திவிட்டுச் சிமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு இன்னும் மேலே ஏறும். பூச்சு நன்றாகத்தான் இருக்கும். பூஞ்சணம் மட்டும் முன்பு இல்லாத உயரத்தில் தெரியும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பையே பூசச் சொல்லுங்கள்.

வெள்ளம் வந்த வீடு

2020இல் புரெவி, 2025இல் டித்வா. புயல் ஓய்ந்த பின் மகாவலி பெருகும் மூதூர், வெருகல் பக்கத்து வீடுகளுக்குப் பூஞ்சணம் அலுமாரிக்குப் பின்னால் மட்டும் வருவதில்லை. தண்ணீர் நின்ற மட்டம் முழுவதும் வரும். நனைந்த பொருளை 24 தொடக்கம் 48 மணித்தியாலத்துக்குள் காய வைக்க முடிந்தால் அது பெரும்பாலும் பிடிக்காது. வெள்ளத்தில் அது நடக்கிற காரியமில்லை. ஆகவே எறிய வேண்டியதை எறியுங்கள். ஆனால் எறிவதற்கு முன்னும் சுவரைக் கழுவுவதற்கு முன்னும் தண்ணீர் நின்ற அடையாளத்தோடு ஒவ்வோர் அறையையும் படம் எடுத்து, கிராம உத்தியோகத்தரிடம் சேதத்தைப் பதிந்துவிடுங்கள். துப்புரவாக்கிய வீட்டில் சேதத்தைக் காட்டுவது கடினம்.

ஒரு சுவர் விழுந்துவிட்டது, அதே இடத்தில் அதே அளவில் எழுப்புகிறேன் என்றாலும் சட்டத்தின் பார்வையில் அது மறுபடி கட்டுவது. சபைக்குச் சொல்லுங்கள். அனர்த்தத்தைக் காட்டிச் சொல்பவரை எந்தத் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் விரட்டிவிட மாட்டார்.

சபையில் என்ன கேட்பார்கள்

முதலில் உங்கள் வளவு எந்தச் சபைக்குள் என்று பாருங்கள். நகரத்துக்குள் ஒரு சபை, பட்டினமும் சூழலும் பிரதேச சபை வேறு, நிலாவெளிக்குக் குச்சவெளி, அப்பால் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம். வீட்டுக்காகச் சபைக்குக் கட்டும் சோலைவரியின் பற்றுச்சீட்டு இருந்தால் அதிலேயே பதில் இருக்கிறது.

போவதற்கு முன் இரண்டு படம் எடுங்கள்: பூஞ்சணம் உள்ள இடம், நீங்கள் உடைக்கவோ கட்டவோ நினைக்கும் இடம். தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் "பூஞ்சணத்துக்கு அனுமதி வேண்டுமா" என்று கேட்டால் அவருக்கு விளங்காது. "பின்சுவரில் இத்தனைக்கு இத்தனை அடியில் ஜன்னல் திறக்கப் போகிறேன், படம் சமர்ப்பிக்க வேண்டுமா?" என்று கேளுங்கள். வேலையைச் சொன்னால் அதற்குரிய பதில் வரும். தேவையில்லை என்று சொன்னால், நீங்கள் கேட்டதை ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்துப் பிரதியில் கையெழுத்து வாங்கி வையுங்கள். உத்தியோகத்தர் மாறிப் போவார், கடிதம் மாறாது.

தேவை என்றால் விண்ணப்பப் படிவத்தோடு காணி உறுதியின் பிரதி, நில அளவைப் படத்தின் பிரதி, தகுதியுள்ளவர் கையெழுத்திட்ட கட்டடப் படம், வரி கட்டிய பற்றுச்சீட்டு ஆகியவற்றைக் கேட்பார்கள். பழைய வீட்டின் அங்கீகரித்த படம் இருந்தால் தேடி எடுங்கள். பலரிடம் அது அதே ஈர அலுமாரிக்குள் கிடந்து கறுத்துப் போயிருக்கிறது. வேலை முடிந்த பின், அங்கீகரித்த படத்தின்படியே கட்டியிருக்கிறது என்று சபை தரும் இணக்கச் சான்றிதழைப் பெறுங்கள். அதை விட்டுவிடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. பிறகு வங்கிக் கடனுக்கோ விற்பனைக்கோ போகும்போது அந்தக் கடதாசிக்காகவே அலைய வேண்டியிருக்கும்.

சுகாதாரப் பரிசோதகரைப் பற்றியும் ஒரு சொல். அவர் பூஞ்சணம் அகற்ற அனுமதி கொடுப்பவர் அல்ல. பக்கத்து வீட்டுப் பீலித் தண்ணீர் உங்கள் சுவரில் கொட்டுகிறது, அயல் வளவுக் கழிவுநீர் தேங்கி உங்கள் அத்திவாரம் ஊறுகிறது என்றால் அவரிடமும் சபையிடமும் எழுத்தில் முறையிடலாம். அயலவரோடு பகை வேண்டாம் என்றால் மத்தியஸ்த சபை இருக்கிறது. வாடகைக்கு இருப்பவர்கள் சுவரைத் தாராளமாகக் கழுவலாம். கொத்துவதற்கு முன் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஒழுக்கைத் திருத்துவது யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலும் பாருங்கள்.

அனுமதி தேவையில்லாத வேலை

கேட்காமல் செய்யலாம் என்பதற்காக எப்படியும் செய்யலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்கச் சுற்றாடல் முகவரகம் சொல்லும் ஓர் அளவு நமக்கும் உதவும்: ஏறத்தாழ 10 சதுர அடிக்குள், அதாவது மூன்றடிக்கு மூன்றடி அளவில் இருந்தால் வீட்டுக்காரரே துப்புரவாக்கலாம். அதற்கு மேல் என்றால் துணைக்கு ஆளும் கூடுதல் கவனமும் வேண்டும். தொய்வு உள்ளவர், கைக்குழந்தை, வயதானவர் அந்த நேரம் வீட்டிலேயே இருக்கக்கூடாது.

அந்த அறையின் மின்சாரத்தை நிறுத்துங்கள். ஜன்னலைத் திறந்து, வீட்டுப் பக்கக் கதவை மூடி, கீழ் இடுக்கில் ஈரத்துணி வையுங்கள். என்95 முகக்கவசமும் ரப்பர் கையுறையும் போடுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் வித்திகள் வீடு முழுவதும் பறக்கும். முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, சவர்க்காரத் தண்ணீரில் தேய்த்துத் துடைத்துக் காய விடுங்கள். ஓடு பதித்த சுவருக்கு வெளிற்றும் திரவம் உதவும். பூச்சுச் சுவரில் அது நிறத்தைப் போக்கும், வேரைப் போக்காது. அந்தத் திரவத்தோடு கக்கூஸ் கழுவும் அமிலத்தையோ அமோனியா உள்ள எதையுமோ கலக்காதீர்கள். எழும் புகை மூச்சை அடைத்துவிடும். பஞ்சு மெத்தை, நனைந்து ஊதிய சீலிங் பலகை, கடதாசி அட்டை ஆகியவற்றைக் காப்பாற்ற முயல வேண்டாம்.

பிறகு பொறுமை. காயாத சுவரில் பெயின்ற் அடித்தால் அது தோல்போல் உரியும். காய்ந்ததா என்று பார்க்க ஓர் எளிய வழி: ஓர் அடிச் சதுரப் பிளாஸ்ரிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி ஒரு நாள், இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். புதிதாகப் பூசிய சிமெந்து என்றால் நான்கு கிழமையாவது விட்டுத்தான் பெயின்ற்.

அம்மா வீட்டில் காரணம் இரண்டு. பூமரம் வைக்கவென்று அம்மா சுவரோடு அணைத்துக் குவித்த மண் தரை மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றது. அதற்கு மேலே பீலி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. மண்ணை வெட்டி இறக்கினோம், பீலியைத் தூக்கிக் கட்டினோம், பழைய பூச்சை இடுப்பு உயரத்துக்குக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசினோம். இதில் எதற்கும் அனுமதி தேவைப்படவில்லை. மச்சாளுக்கும் அதைச் சொல்லிவிட்டேன். பக்க வெளிக்குச் சீற் போட வேண்டும் என்று அம்மா கேட்டதற்கு மட்டும் ஓம் சொல்லவில்லை. இறவாரத்தை நீட்ட ஒரு படம் கீறிக் கொடுத்திருக்கிறேன், அது சபையில் இருக்கிறது. பூசி இன்றோடு ஐந்து கிழமை. சித்திரை வருடத்துக்கு முன் பெயின்ற் அடித்துவிட வேண்டும் என்று அம்மா நிற்கிறார். பிளாஸ்ரிக் தாளை நேற்றுப் பின்னேரம் ஒட்டினேன், நாளைக் காலை உரித்துப் பார்க்க வேண்டும்.